எல்லோரும் என்னையே பார்க்கிறார்களே!

கேள்வி: ஆபீஸ் மீட்டிங்கில் பேச எழுந்தாலே கை நடுங்குகிறது. எல்லோரும் கவனிப்பார்களே என்று வாயைத் திறப்பதே இல்லை. என்ன செய்வது?

பதில்: நடுக்கம் உண்மைதான், எல்லோரும் கவனிப்பார்கள் என்ற கணக்குத்தான் தப்பு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் நடத்தி, 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாடகர் பாரி மேனிலோவின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். (அந்த வயதில் அது மானக்கேடு!) கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள் போட்டவர்கள், யார் படம் என்று சொல்ல முடிந்ததோ கால்வாசிப் பேருக்குத்தான்.

‘மானம் போக அந்தக் கால்வாசிப் பேர் போதாதா?’ என்பீர்கள். நியாயம்தான். ஆனால் சட்டை கண்ணுக்கு நேரே தெரிவது; படபடப்பில் பெரும்பகுதி உள்ளேயே நடப்பது. பேசப்போகும் சிலருக்குக் கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் இதை முன்கூட்டியே விளக்கிப் பார்த்தார்கள். 2003-இல் வெளிவந்த அந்த ஆய்வில், விளக்கம் கேட்டவர்களின் பேச்சையே பார்வையாளர்களும் மேலாக மதிப்பிட்டார்கள். ‘கவலைப்படாதே’ என்று வெறும் ஆறுதல் கேட்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஆகவே நடுக்கத்தை அடக்கப் போராடாதீர்கள். காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அடுத்த மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பயம் வேலையையோ அன்றாட வாழ்க்கையையோ தொடர்ந்து பாதித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.