தீவின் மின்சாரத்துக்கு ஏற்ற துணை எது?

2025 பெப்ரவரி 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனதற்கு, பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கே காரணம் என்று அமைச்சர் கூற, உலகம் அதை வேடிக்கையாகவே பேசிற்று. ஆனால் விடுமுறை நாளாகையால் உபயோகம் குறைந்தும், வெயிலின் மிகுதியால் சூரிய மின்னுற்பத்தி பெருகியும் இருந்த அவ்வேளையில், அதிர்ச்சியைத் தாங்கவல்ல கனத்த சுழலிகள் போதிய அளவு ஓடவில்லை என்பதே விஷயத்தின் சாரம். கையெடுத்த பின்னும் சுற்றும் குயவன் சக்கரம்போல், அச்சுழலிகளின் கனம், ஒரு நிலையம் திடீரென நின்றாலும் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து சட்டென்று வீழ்ந்துவிடாமல் சில விநாடிகள் தாங்கிப் பிடிக்கும். சூரியத் தகட்டுக்கு அந்தக் கனம் இல்லை.

2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்தே பெறுவதென்று லட்சியம் வகுத்த இந்நாடு எந்தத் துணையை நாடுவது என்று ஆராய்வோர், விலையைக் கேட்குமுன் காலத்தைக் கேட்க வேண்டும்: நேரும் குறை சில விநாடிகளுக்கு உரியதா, பொழுது சாய்ந்தபின் வரும் சில மணிகளுக்கு உரியதா, மழையும் காற்றும் ஒருங்கே குன்றும் மாதங்களுக்கு உரியதா?

மின்கலத் தொகுதி: விநாடிகளின் அபாயத்துக்கு இதுவே தக்க பரிகாரம். 2016 செப்டம்பர் 28இல் புயலால் இருளில் மூழ்கிய தெற்கு ஆஸ்திரேலியா, மறு ஆண்டே ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் மின்கலத் தொகுதியை நிறுவியதும், பின்னர் மின்சாரம் உற்பத்தி செய்யாமல் கனத்தின் பொருட்டே சுழலும் 4 இயந்திரங்களைச் சேர்த்துக்கொண்டதும் நல்ல திருஷ்டாந்தங்கள். விரைவில் நிறுவலாம் என்பது அனுகூலம். ஹார்ன்ஸ்டேலின் முதல் தொகுதி முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாகத்தான் தாங்கும் என்பது பிரதிகூலம்.

நீரேற்று நிலையம்: மாலையில் ஏறும் தேவைக்கு, நண்பகல் உபரியைக்கொண்டு நீரை மேல் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, இருட்டியபின் இறக்கும் முறை சிறந்தது. கோயம்புத்தூர் மாவட்டத்துக் காடம்பாறையில் இவ்வகையில் 400 மெகாவாட் நிலையம் 1980களின் இறுதியிலேயே அமைந்தது. இலங்கையில் மகா ஓயாவில் 600 மெகாவாட் நிலையம் ஒன்று உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஏற்றச் செலவிடும் சக்தியில் சுமார் கால் பங்கு விரயமாகும், கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் செல்லும். ஆயினும் அரை நூற்றாண்டு உழைக்கும், ஓடும் வேளையில் முற்கூறிய கனத்தையும் அளிக்கும்.

இந்திய இணைப்பு: 2024 மே மாதத்தில் 250 ஜிகாவாட் உச்சத்தைத் தொட்ட இந்திய மின்வலை, அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கே தேவையுள்ள தீவுக்கு வறட்சி மாதங்களில் பேருதவியாகும். ஆனால் இரு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்று, அந்திப்பொழுதும் ஏறக்குறைய ஒன்று. இங்கு விளக்கேற்றும் நேரத்தில்தான் அங்கும் ஏற்றுவர். ஆதலின் மாலைத் தேவைக்கு இதனை மட்டும் நம்புதல் விவேகமன்று.

எண்ணெய் நிலையம்: கட்டளையிட்டவுடன் இயங்குவது இதன் சிறப்பு. எனினும் 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அமலான அனுபவம், இதன் பலவீனம் இயந்திரத்தில் அன்று, கஜானாவில் உள்ளது என்று காட்டிவிட்டது.

ஆகவே, முதலில் மின்கலத் தொகுதியும் கனத்த சுழல் இயந்திரங்களும், அவற்றோடு கூடவே மகா ஓயா வேலையின் ஆரம்பமும், அதன்பின் இந்திய இணைப்பும் என்பதே தக்க வரிசை. எண்ணெய் இறுதிக் கையிருப்பாக மட்டும் நிற்கட்டும். இவை யாவும் வருமுன்பே செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு: பாசனத்துக்கு இடையூறின்றி, வெயிலுள்ள பகலில் விக்டோரியா, கொத்மலை நீர்த்தேக்கங்களின் நீரை இயன்றவரை மிச்சம் பிடித்து இரவுக்கு வைத்தல். புதிதாக எதனையும் கட்டாமலே கிடைக்கும் அச்சேமிப்பை அலட்சியம் செய்துவிட்டுப் புதியவற்றுக்குக் கடன் வாங்குவது சிக்கனமாகாது.