கால் கழுவிய நீரும் ஞானமும்



தியானத்திற்குக் காடு வேண்டும், ஓய்வு வேண்டும், படிப்பு வேண்டும். பகலெல்லாம் உழைத்து அலுத்து வீடு திரும்பும் நமக்கு ஞானம் ஏது என்று நம்மவரிற் பலர் கேட்கின்றனர். இந்த ஐயம் நியாயமானதே. இதற்குரிய விடையைப் பகவானுடைய சங்கத்தாரின் வரலாற்றிலேயே காண்போம்.

படாசாரை என்னும் அம்மை கணவனைப் பாம்புக்கும், இரு குழந்தைகளைப் பருந்துக்கும் ஆற்று வெள்ளத்திற்கும், பெற்றோரையும் உடன்பிறந்தானையும் புயலில் இடிந்த வீட்டிற்கும் பறிகொடுத்துச் சித்தங் கலங்கித் திரிந்தவள். சாவத்தி நகரில் பகவானைச் சரணடைந்து பிக்குணியானாள். ஒரு நாள் கால் கழுவுகையில் நீர் பள்ளம் நோக்கி ஓடக் கண்டாள். முதலில் ஊற்றிய நீர் சிறிது தூரம் சென்று மண்ணில் மறைந்தது. அடுத்தது சற்றே அப்பால். மூன்றாவது இன்னும் அப்பால். உயிர்களும் இவ்வாறே இளமையிலும் நடுவயதிலும் முதுமையிலும் மறைகின்றன என்று அவள் உணர்ந்ததாக உரைகாரர் விளக்குவர். பின்பு விளக்கோடு தன் அறைக்குட் சென்று, கட்டிலில் அமர்ந்து, ஊசியால் திரியை உள்ளிழுத்தாள். சுடர் அவிந்தது, அவள் சித்தமும் விடுதலை பெற்றது. தேரிகாதையில் அவள் வாக்காகவே இச்செய்தி உள்ளது.

நாமும் நாள்தோறும் கால் கழுவுகிறோம், விளக்கையும் அணைக்கிறோம். நமக்கு மட்டும் ஏன் அவ்வொளி தோன்றவில்லை? நீரில் வேற்றுமை இல்லை. பார்ப்பவர் மனத்தில் உண்டு. அவள் சீலத்தில் நின்று, மனத்தை அடக்கிப் பழகி, பார்த்ததை உள்ளபடி பார்த்தாள். நமக்கோ கால் இங்கே இருக்கிறது, மனம் எங்கோ இருக்கிறது.

படிப்பில்லை என்று வருந்துவோர் சூளபந்தகரை நினைக்க வேண்டும். நான்கு மாதம் முயன்றும் ஒரு பாட்டு அவர் நெஞ்சில் நிற்கவில்லை. பகவான் அவரிடம் தூய துணித்துண்டொன்றைத் தந்து, தேய்த்துக்கொண்டே தூசு நீங்குவதைச் சிந்திக்கச் சொன்னார். கை பட்டுத் துணி அழுக்காயிற்று. தூய்மையும் நிலையாதது என்று கண்டு அவர் அரகந்தரானார்.

சதிபட்டான சூத்திரம் நடத்தல், திரும்புதல், கை நீட்டல், மடக்கல், உண்ணல், பருகல், மலசலங் கழித்தல் ஆகிய அனைத்தையும் விழிப்போடு செய்யச் சொல்லுகிறது. இவற்றில் எது நம்மிடம் இல்லை?

நூற்பாலையிற் பல்லாண்டு நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்லுகிறேன். கதிரில் இழை அறும். உடனே மனத்திற் சினம் எழும். அறுந்தது வேறு, எழுந்தது வேறு. இழையை ஒட்டக் கை வேண்டும்; சினம் வேண்டியதில்லை. இவ்விரண்டையும் பிரித்துக் காணும் அக்கணம் சிறியதாயினும், அது ஞானத்தின் வாயில்.

அநீதியைப் பேசாமற் பொறுத்துக்கொள் என்பதா இதன் பொருள்? அன்று. சிகாலோவாத சூத்திரத்தில் பகவான் முதலாளிக்கு ஐந்து கடமைகள் வகுத்தார்: வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, நல்லுணவில் பங்கு, காலத்தில் ஓய்வு. ஆதலின் உரிமையைக் கேட்பது தம்மத்திற்கு மாறன்று. பகையின்றிக் கேட்பவன் தெளிவாய்க் கேட்பான்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு கணத் தெளிவை முழு விடுதலை என்று எண்ணிச் செருக்கடையலாகாது. மேகம் விலகிச் சூரியன் தோன்றினாலும் மேகம் மீண்டும் மூடும். ஆதலின் ஐந்து சீலங்களைக் காத்து, நாள்தோறும் ஒரு செயலைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது கால் கழுவுவதாயினும் சரி, கலம் துலக்குவதாயினும் சரி. அச்செயல் முடியும்வரை மனத்தை அதிலேயே வையுங்கள். விலகினால் கடிந்துகொள்ளாமல் மீட்டு வாருங்கள். தோன்றுவது மறைவதை அங்கே காண்பீர்கள். கண்டது பெருகப் பெருகப் பற்றுத் தளரும். பற்றுத் தளரத் துக்கம் குறையும்.

சாது! சாது! சாது!