சொறிமீனை இனங்காண்போம்

வயலை விட்டு வடபகுதிக் கடலோரங்களில் குடியேறிய எமக்குச் சொறிமீன் புதிது. எல்லாம் ஒன்றல்ல.

வட்டமான உடலின் நடுவே நான்கு லாட வடிவ வளையங்கள் தெரிந்தால், அதன் சுணை பெரும்பாலும் இலேசானது. நீலக் காற்றுப்பை மிதந்தால் அது பிசாலியா. அதன் இழைகள் பல மீற்றர் நீளும். கண்ணாடிபோன்ற பெட்டி வடிவில், நான்கு மூலைகளிலும் இழைகள் தொங்குவது பெட்டிச்சொறி. இவ்வினத்திற் சில உயிரையே பறிக்கும்.

செத்து ஒதுங்கியதும் சுடும். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். பட்டால் மணலால் தேய்க்க வேண்டாம். கடல்நீரால் கழுவி, குச்சியால் இழையை அகற்றுங்கள். பெட்டிச்சொறியானால் முதலில் வினாகிரி ஊற்றுங்கள். மூச்சுத் திணறினால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

புதுவகை கண்டால் உருவம், நிறம், இடம் மூன்றையும் குறித்து, அயலிலுள்ள கடற்றொழிலாளருக்குச் சொல்லுங்கள். அடுத்தவர் பிள்ளையும் தப்பும்.