பொதுக் காரணி: கடைக்காரருக்கு ஒரு பாடம்



பிள்ளைகள் பள்ளியிலிருந்து ‘காரணிப்படுத்துக’ என்று ஒரு கணக்கைக் கொண்டுவந்தால், ‘இது எழுத்துக் கணக்கு, நமக்கு எட்டாது’ என்று நம்மவர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். உண்மையில் இது நாம் கல்லாவில் அமர்ந்து நாள்தோறும் போடும் கணக்குத்தான். எழுத்து என்பது இன்னும் விலை தெரியாத சரக்குக்கு இட்ட அடையாளம், வேறொன்றுமில்லை.

ஒரு மூட்டை அரிசியின் விலை ‘அ’ வெள்ளி, ஒரு மூட்டை சீனியின் விலை ‘ச’ வெள்ளி எனக் கொள்வோம். 24 மூட்டை அரிசியும் 36 மூட்டை சீனியும் வாங்கினால் மொத்தம்:

24அ + 36ச

இவ்விரண்டு எண்களையும் மீதமின்றி வகுக்கும் பெரிய எண் எது? 8 அரிசிக்குப் பொருந்தும், சீனிக்குப் பொருந்தாது. 6 இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் 6(4அ + 6ச) என்று எழுதினால் உள்ளே இன்னும் 2 பொதுவாக நிற்கிறது. 12-ஐ எடுத்தால்:

12(2அ + 3ச)

இனி உள்ளே பொதுவானது ஏதுமில்லை. ஆகவே 12-தான் மீப்பெரு பொதுக் காரணி. அஃதாவது, இச்சரக்கை 12 கடைகளுக்குச் சமமாகப் பிரித்தால், கடைக்கு 2 மூட்டை அரிசி, 3 மூட்டை சீனி.

சரிபார்ப்போம். அரிசி 30 வெள்ளி, சீனி 25 வெள்ளி என்றால், 720 + 900 = 1,620. மற்ற வழியில் 12 × (60 + 75) = 12 × 135 = 1,620. இரண்டும் ஒன்றே.

பெரிய எண்களுக்கு, சுமார் கி.மு. 300-இல் யூக்ளிட் என்னும் கிரேக்க அறிஞர் எழுதிவைத்த வழி உண்டு. பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். வரும் மீதியால் அச்சிறியதை வகுக்க வேண்டும். மீதி அற்றுப்போகும்வரை இவ்வாறே. 84, 60 என்றால்: 84-ஐ 60-ஆல் வகுக்க மீதி 24, 60-ஐ 24-ஆல் வகுக்க மீதி 12, 24-ஐ 12-ஆல் வகுக்க மீதி இல்லை. கடைசியாக வகுத்த 12-தான் விடை.

எழுத்தும் எல்லா உறுப்புகளிலும் இருந்தால் அதையும் வெளியே எடுக்கலாம்:

8அ² + 12அச + 4அ = 4அ(2அ + 3ச + 1)

இங்கேதான் கவனம் வேண்டும். கடைசி உறுப்பு 4அ முழுதும் வெளியே வந்துவிட்டதால், உள்ளே ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் விட்டுவிடுவர். அப்படியன்று, அங்கே 1 நிற்க வேண்டும். அ = 2, ச = 1 என்று போட்டால் மொத்தம் 64. அந்த 1-ஐ விட்டால் 56-தான் வரும். குறைந்த 8, கடைசி உறுப்பின் முழு மதிப்பே. கூட்டு வியாபாரத்தில் மூன்றாம் பங்காளியின் பெயரைப் பேரேட்டில் எழுதாமல் விட்டதற்கு இது ஒப்பாகும்.

இக்கணிதத்துக்கு ‘அல்ஜிப்ரா’ என்ற பெயர், சுமார் கி.பி. 820-இல் பக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. வாரிசுப் பங்கு பிரிக்கும் கணக்குகள் அந்நூலில் பெரும்பகுதி. பங்கு பிழையாமல் பிரிக்கப் பயன்பட்ட கலை வணிகருக்கு அந்நியமாகுமா? இன்றிரவே பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். விடையைத் திரும்பப் பெருக்கிப் பாருங்கள். எந்த உறுப்பும் விடுபடாமல் பழைய கணக்கு மீண்டும் வந்தால், அது சரி.