கம்பியைக் கீழே வை

அன்புள்ள தம்பிக்கு,

படம் வந்தது. உன் போன்சாய் மரத்தின் இடப்பக்கக் கிளை அடியோடு ஒடிந்து கிடக்கிறது. கம்பி சுற்றி வளைத்தபோது ‘பட்’டென்று சத்தம் கேட்டதாக எழுதியிருக்கிறாய். இதே வகை மரத்தில் இதே சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னிடம் இருப்பது சீன எல்ம் மரத்தின் ‘ஹொக்கைடோ’ வகை. தாய்மரம் சீனா, கொரியா, ஜப்பான் மண்ணில் வீட்டை விட உயரமாக வளரும். இலையுதிர்காலத்தை ஒட்டிப் பூப்பதால் ஜப்பானியர் அதை ‘அகிநிரே’ என்கிறார்கள். இந்தக் குள்ளத்துக்கோ இலை அரிசிமணி அளவுதான். சிறு வயதிலேயே பட்டை தக்கையாக வெடித்து, கிழமரம்போல் நிற்கும். நம்மை மயக்குவதும் அதுதான். ஆனால் கிளை முறுக்குபோல மொறுமொறுப்பு. வளைக்கப் போனால் ஒடியும். கம்பி ஒடிக்காமல் விட்டாலும் தக்கையை நசுக்கிவிடும்.

எனவே கம்பியைக் கீழே வை, கத்தரியை எடு. தென்சீனாவில் குவாங்தோங் பக்கத்து லிங்னான் தொட்டிமர மரபுக்காரர்கள் எல்மை வெட்டியே வடிவமைப்பார்கள். கிளையை இஷ்டத்துக்கு ஓடவிட்டு, வேண்டிய பருமன் வந்ததும் குறுக்கே வெட்டுவார்கள். எந்தத் திசை வேண்டுமோ அந்தத் திசை மொட்டை மட்டும் வளரவிட்டு, அதையும் பருத்தபின் வெட்டுவார்கள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு திருப்பம் கிடைக்கும். எல்ம் பழைய கட்டையிலும் துளிர்ப்பதால் இது பலிக்கிறது. ஹொக்கைடோ மெதுவாகப் பருக்கும் மரம். ஒரு கிளை தேற சில ஆண்டுகள் பிடிக்கும். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்.

எங்காவது பெரிய இலையோடு ஒரு தளிர் விறுவிறுவென்று கிளம்பினால் உடனே நீக்கு. விட்டால் அதுவே மரத்தின் பலத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். எறிந்துவிடாமல் அதை நட்டுப் பார். ‘செய்ஜு’ வகை ஹொக்கைடோவில் இப்படி மாறிக் கிளைத்ததுதான்.

தொட்டி மாற்றுவதென்றால் வசந்தத்தில், மொட்டு விரியும் முன். தூக்கும்போது தொட்டியைப் பிடி, அடிமரத்தைத் தொடாதே. உதிர்ந்த தக்கை திரும்பிவரப் பல வருடம். பூச்சிக்கு டைமெத்தோயேட் அடித்துவிடாதே, இலை முழுக்கக் கொட்டிவிடும்.

ஒடிந்த இடத்தைக் கூரான கத்தியால் சீராக்கி, வெட்டுக்காயத்துக்கான பசை பூசு. மொட்டுகள் தலைகாட்டியதும் அவசரப்பட்டுக் கிள்ளாமல், படம் எடுத்து அனுப்பு. எதை விடுவதென்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்