பேயுமல்ல, நடிப்புமல்ல

கொழுந்து மலையில் ஒரு பெண் கூடையோடு சாய்ந்து கைகால் உதறினால் உடனே இரண்டு பேச்சு கிளம்பும். "பேய் பிடிச்சிருச்சி" என்பார் சிலர். "வேலைக்கு வராம இருக்க நடிக்கிறா" என்பார் வேறு சிலர். இரண்டும் தவறு.

காக்கா வலிப்பு என்று நாம் சொல்லும் நோயில் மூளையின் மின்னோட்டம் திடீரெனக் குழம்புகிறது. பார்வைக்கு அதுபோலவே இருந்தும், அந்தக் குழப்பம் இல்லாத வலிப்பும் உண்டு. மனம் தாங்காத பாரத்தை உடம்பு அப்படி வெளியே காட்டுகிறது. கடனாக இருக்கலாம், வீட்டில் அடி உதையாக இருக்கலாம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவு லயங்களையே மூடியதே, அப்படியான பயமும் துக்கமும் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்கும். சிலருக்குக் காரணமே தெரியாது. ஆனால் யாரும் இதை வேண்டுமென்று செய்வதில்லை. நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த முடியாது.

ஆகவே கன்னத்தில் அறைவது, மிளகாய்ப் புகை போடுவது, வேப்பிலையால் அடிப்பது வேண்டவே வேண்டாம். சாமி கும்பிடுவதை நாம் தடுக்கவில்லை, அடியைத்தான் தடுக்கிறோம். கையில் சாவி கொடுப்பதாலும் பயனில்லை. கவ்வாத்துக் கத்தி, கல் கிடந்தால் அப்புறப்படுத்தி, தலைக்குக் கீழே கம்பளியை மடித்து வையுங்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து, "பயப்படாதம்மா, நாங்க இருக்கோம்" என்று மெதுவாகச் சொல்லட்டும். சிலருக்கு அது காதில் விழும். எந்த வலிப்பு என்று மலையில் நின்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. முதல் தடவையென்றாலோ, ஐந்து நிமிடம் தாண்டினாலோ, காயம் பட்டாலோ, கர்ப்பிணியென்றாலோ 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

டாக்டருக்கு நீங்கள் கண்டதுதான் பெரிய உதவி. கண்ணை இறுக மூடியிருந்தாரா? தலை இருபக்கமும் ஆடியதா? விட்டுவிட்டு வந்ததா? எத்தனை நிமிடம்? வீட்டாரிடம் கேட்டு போனில் படம் பிடித்தால் பதுளை பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம். அதை வட்ஸ்அப்பில் அனுப்பி வேடிக்கை காட்டுவது பெரும் பாவம்.

இந்த வகைக்கு வலிப்புக் குளிசை வேலை செய்யாது. மனநல வைத்தியரோடு பேசிப் பெறும் சிகிச்சையே மருந்து. ஆனால் சிலருக்கு இரண்டு வலிப்பும் சேர்ந்திருக்கும். எனவே டாக்டர் சொல்லாமல் குளிசையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

கங்காணிமாருக்கு ஒரு வார்த்தை: இப்படியானவருக்குச் செங்குத்து மலையில் நிரை கொடுக்காதீர்கள். அரைப்பேர் போட்டு லயத்துக்கு அனுப்பினால் அவர் பாரம் கூடுமே தவிரக் குறையாது. மனப்பாரம் தாங்காதவர்கள் தேசிய மனநல இலக்கமான 1926க்கு இரவு பகல் எந்நேரமும் போன் எடுக்கலாம்.