இல்லந்தேடி வரும் இசை

இசையைக் கேட்க விரும்பிய மக்கள் ஒரு காலத்தில் இசை வழங்கும் இடத்தை நாடிச் சென்றனர். கோயில் மண்டபத்தில் நாகசுரம் முழங்கினால் அங்கே கூடினர். திருமண வீட்டில் கச்சேரி நிகழ்ந்தால் அங்கே சென்று அமர்ந்தனர். பாடியவர் வாய் மூடியதும் பாட்டு மறைந்தது. மறைந்ததை மீட்கும் வழி எவர்க்கும் தெரியவில்லை. 1877ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு எடிசன், வெள்ளீயத் தகடு சுற்றிய உருளை ஒன்றில் தம் குரலைப் பதித்து, அதனைத் திரும்பவும் ஒலிக்கச் செய்தார். அதன்பின் இசைத்தட்டு வந்தது, வானொலி வந்தது, ஒலிநாடா வந்தது, 1982இல் குறுந்தகடு வந்தது. இன்று இவற்றுள் ஒன்றும் இல்லாமலே, கைபேசியை ஒருமுறை தொட்ட அளவில், கடல் கடந்த ஊரில் சேமித்து வைத்த பாட்டு வீட்டுக் கூடத்தில் ஒலிக்கின்றது.

ஒலிக்கின்றது என்பது உண்மையே. நன்றாக ஒலிக்கின்றதா என்பது வேறு வினா. விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளை வாங்கி, ஒன்றை அலமாரியின் உச்சியிலும் மற்றொன்றை நாற்காலியின் பின்புறத்திலும் வைத்துவிட்டு, ‘இதற்கா இவ்வளவு பணம் கொடுத்தோம்!’ என்று வருந்துவோர் பலர். குற்றம் பெரும்பாலும் கருவியினுடையது அன்று. கருவியின் இயல்பையும், அறையின் இயல்பையும், செவியின் இயல்பையும் அறியாமையே அதற்குக் காரணம்.

முதலில் ஒலிபெருக்கியைக் காண்போம். அதனுள்ளே வலிய காந்தம் ஒன்று உண்டு. காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று அமைந்திருக்கும். சுருளோடு தாளாலோ நெகிழியாலோ ஆன கூம்பு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். பாட்டுக்கேற்ப ஏறி இறங்கும் மின்னோட்டம் சுருளில் பாயும்போது, சுருள் காந்தப்புலத்தில் முன்னும் பின்னும் அசைகின்றது. கூம்பும் உடன் அசைந்து காற்றைத் தள்ளுகின்றது, இழுக்கின்றது. காற்றின் அவ்வசைவே நம் செவியில் ஒலியாகின்றது. 1925ஆம் ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இருவர் வெளியிட்ட அமைப்பு இதுவே. நூறு ஆண்டுகள் கழிந்தும் இன்றைய ஒலிபெருக்கிகளில் மிகப் பல இதே முறையில்தான் இயங்குகின்றன. பாட்டு வரும் வழி முற்றும் மாறிவிட்டது. பாட்டு வெளிப்படும் வாய் மாறவில்லை.

நம் செவி நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கவல்லது. 20 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 17 மீட்டர். 20,000 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளமோ 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. யானைக்கும் எறும்புக்கும் ஒரே சட்டை தைக்க இயலுமா? ஆகவேதான் ஒரே பெட்டியில் ஆழ்ந்த ஒலிக்குப் பெரிய கூம்பும், நுண்ணிய ஒலிக்குச் சிறிய கூம்பும் வைக்கின்றனர். முன்னதை வூஃபர் என்றும், பின்னதை ட்வீட்டர் என்றும் கடைகளில் வழங்குவர். பெட்டி அழகுக்காக அமைந்ததன்று. கூம்பு முன்னே காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்னே காற்றை இழுக்கின்றது. இவ்விரு அலைகளும் ஒன்றோடொன்று கலந்தால், ஆழ்ந்த ஒலி தன்னைத் தானே அழித்துக் கொள்ளும். பின்புறத்து அலை முன்புறத்து அலையைக் கெடுக்காதவாறு காப்பது பெட்டியின் வேலை.

இனி, பாட்டு வீட்டிற்கு வரும் வழி யாது? ஒலியின் ஏற்ற இறக்கத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதிக் கொள்கின்றனர். இது குறுந்தகட்டின் முறை. இடம் வலம் ஆகிய இரு ஒலிகளுக்கும் சேர்த்து நொடி ஒன்றுக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று இவ்வாறு சுமார் 53 மெகாபைட் இடம் கொள்ளும். இதனை அப்படியே அனுப்புவதும் உண்டு. ஆயினும் பெரும்பாலும் சுருக்கியே அனுப்புகின்றனர். பறை முழங்கும்போது பக்கத்தில் நடப்பவளின் கொலுசொலி கேட்பதில்லை. அதுபோல, பேரொலியால் மறைந்து செவிக்கு எட்டாமற்போகும் சிற்றொலிகளைக் கணக்கிட்டு நீக்கிவிட்டால், எண்களின் சுமை குறையும். செருமனி நாட்டு அறிஞர் பிராண்டன்பர்க்கும் அவருடன் உழைத்தோரும் இக்கருத்தைக் கொண்டே எம்பி3 என்னும் முறையை உருவாக்கினர். நொடிக்கு 3,20,000 பிட்டு என்னும் அளவில் அதே ஐந்து நிமிடப் பாட்டு 12 மெகாபைட்டில் அடங்கிவிடும். ஒரு மணி நேரக் கச்சேரிக்கு 144 மெகாபைட் போதும். நாளொன்றுக்கு இவ்வளவு என்று இணையத்தை அளந்து பெறும் வீட்டார்க்கு இக்கணக்குப் பயன்படும். அளவு மீறிச் சுருக்கினால் இசை கெடும். கெடுதலை முதலில் காட்டிக் கொடுப்பன ஜால்ராவின் ஒலியும் அவையோரின் கைதட்டலுமே. அவை மணலைச் சலிப்பது போல் கேட்கத் தொடங்கும்.

எண்கள் இணையத்தின் வழியே ஓடைநீர் போல் ஒரே சீராக வருவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாக, சில நேரம் விரைந்தும் சில நேரம் தயங்கியும் வருகின்றன. ஆயினும் பாட்டு இடையறாது ஒலிப்பது எவ்வாறு? நகராட்சிக் குழாயில் நீர் காலையில் சிறிது நேரமே வருகின்றது. மேல்நிலைத் தொட்டி இருப்பதால் வீட்டுக் குழாயில் நாள் முழுதும் வருகின்றது அன்றோ? கருவியும் அவ்வாறே சில நொடிகளுக்கு வேண்டிய இசையை முன்னரே பெற்றுத் தன்னுள் தேக்கி வைத்துக் கொள்கின்றது. தொட்டி வற்றினால்தான் பாட்டு நிற்கும்.

கைபேசியிலிருந்து புளூடூத் வழியாகவும் ஒலிபெருக்கிக்கு இசையை அனுப்பலாம். வை-ஃபை வழியாக ஒலிபெருக்கியே இணையத்திலிருந்து நேராகப் பெறுமாறும் அமைக்கலாம். முன்னது எளிது, ஆனால் கைபேசியை எடுத்துக்கொண்டு ஒருவர் அடுத்த தெருவுக்குச் சென்றால் பாட்டும் நின்றுவிடும். பின்னதில் கைபேசி ஏவுவதோடு சரி. வை-ஃபை பரப்பும் ரவுட்டரை இரும்புப் பீரோவின் பின்னே ஒளித்து வைப்போர் உண்டு. வானலை இரும்பை ஊடுருவாது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

ஒலிபெருக்கிகள் இரண்டு எதற்கு என்று சிலர் கேட்பர். இவ்வினாவிற்கு விடை கண்டவர் இங்கிலாந்து நாட்டுப் பொறியாளர் ஆலன் பிளம்லைன். அவர் ஒருமுறை தம் மனைவியுடன் திரைப்படம் காணச் சென்றார் என்பர். திரையில் நடிகர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார். அவர் குரலோ ஓரிடத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. அக்குறை அவரை உறுத்தியது. உருவத்தோடு குரலும் நடக்கும் வழியைத் தாம் கண்டுபிடிக்கப் போவதாக அவர் மனைவியிடம் கூறினாராம். 1931ஆம் ஆண்டில் அதற்குரிய காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்தார். அப்போது அவர்க்கு வயது 28. இன்று ஸ்டீரியோ எனப்படும் இரட்டை ஒலிமுறைக்கு அவ்விண்ணப்பத்தில் அடிப்படை முழுதும் இருந்தது. ஆனால் அவ்வகை இசைத்தட்டுகள் 1950களின் இறுதியில்தான் கடைகளுக்கு வந்தன. அவற்றைக் காணப் பிளம்லைன் இல்லை. 1942இல் வானூர்தியில் ராடார்க் கருவி ஒன்றைச் சோதித்துக் கொண்டிருந்தபோது, அவ்வூர்தி வீழ்ந்து அவர் மாண்டார்.

அவர் பயன்படுத்திக் கொண்டது இயற்கை தந்த ஓர் அமைப்பையே. வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி வலச்செவியை முதலில் அடைகின்றது; இடச்செவியை ஒரு கணம் பிந்தி அடைகின்றது. அக்கணம் நொடியை ஆயிரமாகப் பகுத்ததில் ஒரு பங்கிற்கும் குறைவு. அவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கொண்டே மூளை ஒலி வரும் திசையை உணர்கின்றது. ஆகவே ஒலிபெருக்கிகளை நிறுத்தும் இடத்தில் ஒரு சாண் பிழையும் பெரும்பிழையாகும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். ஓர் ஒலிபெருக்கி மற்றதைவிட 34 சென்டிமீட்டர் அருகில் இருந்தால், அதன் ஒலி ஆயிரத்தில் ஒரு நொடி முந்தி வந்து, பாடகர் முழுவதும் அப்பக்கமே நிற்பது போன்ற மயக்கத்தை உண்டாக்கும். இதனைத் தவிர்க்கும் வழி எளிது. இரண்டு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருத்தல் வேண்டும். ஒலிபெருக்கிகளின் இடைவெளி இரண்டு மீட்டர் ஆனால், ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மீட்டர் தொலைவில் நாற்காலியை இட வேண்டும். சிறிய கூம்பு அமர்ந்திருப்பவரின் செவி உயரத்தில் இருப்பது நலம். அளப்பதற்கு ஒரு கயிறு போதும்.

கம்பியிணைப்பிலும் கருத்து வேண்டும். ஒலிபெருக்கிக் கம்பியின் முனைகளைச் சிவப்பு, கறுப்பு எனக் குறித்திருப்பர். ஒன்றில் அவற்றை மாற்றி இணைத்துவிட்டால் எரிவதோ உடைவதோ இல்லை, பாட்டும் கேட்கும். ஆனால் ஓர் ஒலிபெருக்கி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். மிருதங்கத்தின் தொப்பியொலி மெலியும். நடுவே நிற்க வேண்டிய பாடகர் எங்கே நிற்கின்றார் என்றே தெரியாது. புதிய கருவியைக் குறை கூறுமுன் இவ்விணைப்பை ஒருமுறை பார்ப்பது நேரத்தையும் மனக்கசப்பையும் மிச்சப்படுத்தும்.

இவை யாவும் செவ்வனே அமைந்தும் இசை குழம்பக் கூடும். அப்போது ஐயுற வேண்டியது அறையை. 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடம் ஒன்று எதற்கும் பயன்படாமல் கிடந்தது. ஆசிரியர் கூறிய ஒரு சொல் ஐந்தரை நொடி வரை சுவர்களில் மோதி மோதி ஒலித்துக் கொண்டிருக்கும். அதற்குள் அவர் பல சொற்களைக் கூறியிருப்பார். எல்லாம் ஒன்றாய்க் கலந்து ஓர் இரைச்சலாகும். இதனைச் சீர்செய்யும் பணியை வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தனர். நல்ல ஒலியமைப்புக்குப் பெயர்பெற்ற மற்றொரு கூடம் அருகில் இருந்தது. அக்கூடத்து இருக்கைகளில் இருந்த மெத்தைகளைச் சபைன் நள்ளிரவில் எடுத்துவரச் செய்தார். தெரு அடங்கிய அந்த வேளையில் ஆர்கன் குழல் ஒன்றை ஒலித்து நிறுத்தி, ஒலி முற்றும் அடங்க எவ்வளவு நேரமாகின்றது என்று அளந்தார். மெத்தைகளைச் சிலவாகக் கூட்டிக் கூட்டி மீண்டும் மீண்டும் அளந்தார். பொழுது விடியுமுன் அவை உரிய இடத்திற்குத் திரும்பிவிடும். தாம் அணிந்திருந்த உடையும் ஒலியை உறிஞ்சி அளவை மாற்றுவதைக் கண்ட அவர், அதன்பின் சோதனை நாள்தோறும் ஒரே வகை உடையையே அணிந்தார். மெத்தைகள் மிகுந்தோறும் ஒலி அடங்கும் நேரம் குறைந்தது. அவ்வளவைக் கணிக்க அவர் கண்ட சூத்திரத்தைப் பொறியாளர் இன்றும் கையாளுகின்றனர். 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாஸ்டன் நகரத்து இசைமன்றம் அவர் கணக்கைத் துணைகொண்டு எழுந்தது.

நம் வீடுகளில் பல அந்த விரிவுரைக் கூடத்தின் தம்பிகளே. தளத்தில் வழவழப்பான ஓடு, சுவரில் சுண்ணச் சாந்து, சன்னலில் கண்ணாடி. அறையின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டினால், அவ்வொலி உடனே அடங்காமல் சலசலத்து மறையும். அத்தகைய அறையில் எத்துணை விலையுள்ள கருவியும் திணறும். தரையில் ஒரு சமுக்காளம் விரித்து, சன்னலுக்குக் கனத்த திரைச்சீலை இட்டு, சுவரோரம் புத்தக அடுக்கு ஒன்றை வைத்தால் வேறுபாடு உடனே விளங்கும். ஒலிபெருக்கியை மூலையில் முடங்க வைத்தல் ஆகாது. மூலை ஆழ்ந்த ஒலியை மிகுத்துப் பாட்டைக் கும்மென்று மூடிவிடும். சுவரிலிருந்து அரை மீட்டரேனும் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். பெருக்குவதற்கு இடைஞ்சல் என்று வீட்டார் முணுமுணுப்பர். அவர்கள் கூறுவதும் நியாயமே. கேட்டு முடிந்ததும் பழைய இடத்திற்கு நகர்த்திவிடலாம். வைக்கும் இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டால் மறுமுறை அளக்க வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது ஒலியின் அளவு. சிறுவர் கைக்குக் கருவி எட்டியதும் முதலில் திருகப்படுவது இதுவே. ஒலியின் வன்மையை டெசிபெல் என்னும் அளவால் குறிப்பர். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பவர்க்கு 80 டெசிபெல் வரை தீங்கில்லை என்றும், சிறுவர்க்கு அது 75 டெசிபெல் என்றும் உலக நல நிறுவனம் 2019இல் வகுத்தது. இவ்வளவில் மூன்று டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகும்; ஆகவே கேட்கத்தக்க நேரம் பாதியாகும். 83 டெசிபெல்லில் 20 மணி. 86 டெசிபெல்லில் 10 மணி. 89 டெசிபெல்லில் 5 மணி. செவியில் மாட்டும் கருவிக்கும் இக்கணக்கே பொருந்தும். செவியை ஒட்டியே அது இருப்பதால், பக்கத்தில் உள்ளோர் அளவு மீறியதை அறிந்து எச்சரிக்கவும் வழியில்லை.

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர் உயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒலியலை வரும்போது அவற்றின் நுனிகள் காற்றில் ஆடும் நெற்பயிர் போல் அசைந்து, அச்செய்தியை நரம்பிற்கு அனுப்புகின்றன. பேரொலி நெடுநேரம் தாக்கினால் அவை சாய்கின்றன. சாய்ந்தவற்றுள் பல மடிகின்றன. பறவைகளுக்கு இவ்வுயிரணுக்கள் மீண்டும் முளைக்கும். மனிதர்க்கு முளைப்பதில்லை. உயர்ந்த அதிர்வுகளைக் கேட்கும் அணுக்களே பெரும்பாலும் முதலில் அழிவதால், இழப்பு நேர்ந்தது உடனே தெரியாது. பேச்சு கேட்கும், ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லொலிகள் மட்டும் நழுவும். பிறர் தெளிவின்றிப் பேசுகின்றனர் என்றே அவர் எண்ணிக் கொண்டிருப்பார்.

ஒலியைப் பதித்து மீட்ட எடிசனுக்கே இளமை முதல் செவி மந்தம். தாம் படைத்த கருவியின் இசையைக் கேட்க அவர் செவியை மட்டும் நம்பவில்லை. பெட்டியின் மரச்சட்டத்தைப் பற்களால் கவ்விக் கொண்டு, எலும்பின் வழியே தலைக்குள் ஏறும் அதிர்வைக் கொண்டு அதனைக் கேட்டார்.